வாட்டர் கிளாரிஃபையர் பாட்டில்: ஒரு வருஷம் ஊத்திப் பாத்துட்டு எழுதறேன்

முதல்லயே சொல்லிடறேன், இது வேலையே செய்யாத பொருள்னு திட்டறதுக்காக எழுதல. மீன் தொட்டித் தண்ணி கலங்கிப் போச்சுன்னா ஊத்தச் சொல்லி விக்கற அந்த வாட்டர் கிளாரிஃபையரை ஒரு வருஷத்துல நாலு விதமான கலங்கலுக்கு ஊத்திப் பாத்துட்டேன், ஒரு தடவை பிரமாதமா வேலை செஞ்சுது, ஒரு தடவை அரைகுறை, ஒரு தடவை ஒண்ணுமே நடக்கல, இன்னொரு தடவை ரெண்டு மீனை இழந்தேன். ஊத்தினது எல்லாம் அதே பாட்டில்ல இருந்துதான், மாறினது கலங்கலோட காரணம் மட்டும்தான். ஆனா லேபிள்ல அந்தக் காரணத்தைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, "கலங்கின தண்ணி சில மணி நேரத்துல தெளியும்"னு மட்டும் பெருசா போட்டிருக்கு. பிராண்ட் பேர் வேணும்னே போடல, ஏன்னா இந்த வகை பாட்டில்ல பெரும்பாலும் உள்ள இருக்கற சமாச்சாரம் ஒண்ணுதான், உங்க கைல இருக்கறதுக்கும் இது பொருந்தும்.

உள்ள இருக்கறது பாலிமர். தண்ணில மிதக்கற ரொம்ப நுணுக்கமான தூசுக்கு மேல்பரப்புல நெகட்டிவ் சார்ஜ் இருக்கும், அதனால ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே கீழ இறங்காம மிதந்துட்டு இருக்கும், ஃபில்டர் ஸ்பாஞ்சோட ஓட்டைய விட சின்னதா இருக்கறதால அதுலயும் மாட்டாது. இந்த பாலிமருக்கு பாசிட்டிவ் சார்ஜ். அது போய் அந்தத் தூசையெல்லாம் சேத்துப் பிடிச்சு சின்னச் சின்ன திப்பியா ஆக்கிடும், திப்பி ஆனதும் ஒண்ணு அடில உக்காரும் இல்ல ஃபில்டர்ல மாட்டும். குடிதண்ணி சுத்திகரிக்கற பிளான்ட்ல படிகாரம் போட்டு சகதிய உக்கார வெக்கறாங்கல்ல, அதே தத்துவம்தான். இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க: இது எதையும் கொல்றதில்ல, எதையும் கரைக்கறதில்ல, மிதக்கறதை ஒண்ணு சேக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. மிச்சத்தை நீங்களும் ஃபில்டரும் பாத்துக்கணும்.

முதல் தடவை ஊத்தினது மணல் மாத்தினப்போ. நாலஞ்சு தடவை அலசினேன், போதும்னு நெனச்சு போட்டு தண்ணி நிரப்பினா தொட்டி முழுக்க சாம்பல் கலர்ல மூடுபனி மாதிரி ஆயிடுச்சு, பின்பக்கக் கண்ணாடி தெரியவே இல்ல. தூசு கலங்கல் எப்படியும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானாவே அடங்கிடும், ஆனா அவசரம், ஊத்தினேன். அரை மணி நேரம் இன்னும் மோசமா கலங்கின மாதிரி இருந்துச்சு (திப்பி சேர ஆரம்பிக்கறப்போ அப்படித்தான் இருக்கும், பயப்பட வேணாம்), அப்புறம் நாலு மணி நேரத்துல அந்தப் பக்கச் சுவர்ல ஒட்டியிருந்த காகிதத்துல எழுத்து படிக்கற அளவுக்கு தெளிஞ்சுடுச்சு. நிஜமாவே அசந்துட்டேன். ஒரே ஒரு விஷயம், ஃபில்டர்ல வெறும் ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தா பத்தாது, மேல ஒரு லேயர் வெள்ளைப் பஞ்சு போடுங்க, ஃபில்டர் ஃப்ளாஸ்னு கேட்டா கிடைக்கும். மறுநாள் காலைல அந்தப் பஞ்சு சேறா இருந்துச்சு, தண்ணி வர்ற வேகமும் பாதியா குறைஞ்சிருந்துச்சு, உடனே எடுத்து தூக்கிப் போட்டுட்டு புதுசு வெச்சேன். பஞ்சு இல்லன்னா அந்தத் திப்பியெல்லாம் அடில உக்காந்து கோரி மாதிரி தரையைக் கிளறற மீன் இருந்தா திரும்ப எழும்பிடும்.

இந்த ஒரு வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு கொடுப்பேன். அந்த வெற்றிதான் எனக்கு அடுத்து பெரிய கெடுதல் பண்ணுச்சு, ஏன்னா இனிமே எது கலங்கினாலும் இதுதான் மருந்துன்னு மனசுல பதிஞ்சுடுச்சு.

ரெண்டாவது கலங்கல் அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள்ல வந்துச்சு. மணல் மாத்தறப்பவே ஃபில்டரையும் சேத்து "சுத்தம்" பண்ணிடலாம்னு ஸ்பாஞ்சையும் செராமிக் ரிங்கையும் எடுத்து பைப்புக்கு அடில வெச்சு பளிச்சுனு தேச்சு கழுவியிருந்தேன். பைப்புத் தண்ணில குளோரின் இருக்கு, அது கிருமியக் கொல்லத்தான் போடறாங்க, ஃபில்டர்ல குடியிருக்கற நல்ல பாக்டீரியாவுக்கும் அதே கதிதான். பழைய மணல்ல இருந்ததும் போச்சு, ஃபில்டர்ல இருந்ததும் போச்சு, அப்போ அது எனக்குப் புரியல. மூணாவது நாள் தண்ணி லேசா வெள்ளையாச்சு, நாலாவது நாள் ஒரு டம்ளர் பாலை ஊத்திக் கலக்கின மாதிரி ஆயிடுச்சு. தூசு இல்ல, ஏன்னா நடுவுல தண்ணி நல்லா தெளிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா கைல பாட்டில் இருக்கே, ஊத்தினேன். சாயங்காலம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு, மறுநாள் காலைல திரும்ப அதே பால். மறுபடி ஊத்தினேன், மறுபடி தெளிவு, மறுபடி பால்.

இதுக்குப் பேர் பாக்டீரியா ப்ளூம். தொட்டில ரெண்டு கூட்டம் பாக்டீரியா இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒரு கூட்டம் மீன் போடற கழிவு, மிச்சமான தீனி, அழுகின இலை இதையெல்லாம் தின்னு வாழும், சாப்பாடு நிறைய இருந்தா அரை மணி ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும், தண்ணியிலயே மிதந்துக்கிட்டு பெருகும், அந்த வெள்ளைக் கலங்கல் இதுதான். இன்னொரு கூட்டம், மீன் கழிவுல இருந்து வர்ற விஷமான அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கி, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கற பாக்டீரியா, இது ஸ்பாஞ்ச், ரிங், மணல், கல்லு மேல ஒட்டிக்கிட்டு வாழும், ரெட்டிப்பாகவே ஒரு நாள் கிட்ட எடுத்துக்கும். அதனாலதான் புதுத் தொட்டி செட் ஆக நாலுலேர்ந்து ஆறு வாரம்னு சொல்றாங்க. மெதுவா வளர்ற கூட்டத்தை நான் கழுவி ஊத்திட்டேன், வேகமா வளர்ற கூட்டத்துக்கு தீனியும் போட்டுக்கிட்டே இருந்தேன். கிளாரிஃபையர் மிதக்கறதை சேத்து உக்கார வெக்கும், சரி, ஆனா சாப்பாடு தண்ணில அப்படியே கரைஞ்சு இருக்கே, ராத்திரிக்குள்ள திரும்ப அவ்வளவும் பெருகி வந்துடும். போதாக்குறைக்கு உக்கார வெச்ச பாக்டீரியாவே செத்து அழுகி அடுத்த கூட்டத்துக்கு சாப்பாடாகுது. புதுசா செட் பண்ணின தொட்டில முதல் வாரம் ரெண்டாவது வாரம் வர்ற வெள்ளைக் கலங்கலும் இதே கதைதான், அதுக்குத்தான் நிறைய பேர் இந்த பாட்டிலை வாங்கறாங்கன்னு நெனக்கறப்போ வருத்தமா இருக்கு.

மூணாவது டோஸ் அன்னிக்கு நடந்ததை சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு, ஆனா இதுக்காகத்தான் எழுத உக்காந்தேன். லேபிள்ல 40 லிட்டருக்கு 5 மில்லின்னு போட்டிருக்கு. என் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 35 உயரம், பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 63 லிட்டர். அந்தக் கணக்குலதான் எப்பவும் ஊத்திட்டு இருந்தேன். ஆனா மணல் 5 சென்டிமீட்டர், மேல தண்ணி நிரப்பாம விட்ட இடம் 4 சென்டிமீட்டர், உண்மையில தண்ணி 50 லிட்டர் கிட்டதான் இருக்கும். அதாவது ஒவ்வொரு டோஸும் கால் பங்கு ஜாஸ்தி, அதையும் மூணு நாள்ல மூணு தடவை, அன்னிக்கு எரிச்சல்ல ஒரு மூடி எக்ஸ்ட்ராவும் விட்டேன். தண்ணி தெளியல, இன்னும் கலங்குச்சு. பாலிமர் அளவுக்கு மேல போனா தூசு மேல பாசிட்டிவ் சார்ஜ் முழுசா ஏறிடும், முன்னாடி நெகட்டிவ்வா தள்ளிக்கிட்டது இப்போ பாசிட்டிவ்வா தள்ளிக்கும், திரும்ப மிதக்க ஆரம்பிச்சுடும். அளவு தப்பினா எதுக்காக ஊத்தறோமோ அதுக்கு நேர் எதிரா வேலை செய்யும்னு லேபிள்ல ஏன் போடல?

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு லைட் போட்டு பாத்தா எல்லா மீனும் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு பாக்டீரியாவும் மூச்சு விடும், மீனோட ஆக்ஸிஜனை அது எடுத்துக்கும். வெயில் காலத்துல தண்ணி சூடா இருந்தா இன்னும் ஆபத்து, 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் புடிச்சு வெக்கும்னா 30 டிகிரில ஏழரைதான். பஞ்சுல திப்பி அடைச்சு ஃபில்டர் தண்ணியும் சொட்டு சொட்டாத்தான் வந்துட்டு இருந்துச்சு, அதனால மேல தண்ணி அலையடிக்கறதும் நின்னு போச்சு. இந்த பாலிமர் அதிகமானா மீனோட செவுள்லயும் ஒட்டிக்கும், அதுவும் சேந்துக்கிச்சு. பதறிப்போய் ஏர் பம்ப் ரெண்டு போட்டேன், பஞ்சை எடுத்தேன், குளோரின் எடுத்த தண்ணில கால்வாசி மாத்தினேன். காலைல ரெண்டு மோலி போயிடுச்சு. மூணு வருஷமா என் கூட இருந்த மீனுங்க.

அதுக்கப்புறம் டெஸ்ட் கிட் வாங்கி பாத்தா அம்மோனியா ஏறியிருந்துச்சு. இருக்கவே கூடாதது அது, பிஎச் ஏழுக்கு மேல போகப் போக அதோட விஷம் கூடும். கலங்கலைப் பாத்துக்கிட்டு இருந்தேனே தவிர மீனைக் கொன்னுட்டு இருந்த கண்ணுக்குத் தெரியாத விஷயத்தை பாக்கவே இல்ல. தண்ணி தெளிஞ்சிருந்தா அது நல்ல தண்ணின்னு அர்த்தமில்ல, பளிங்கு மாதிரி இருக்கற தண்ணிலயும் அம்மோனியா இருக்கும். இந்த பாட்டிலுக்கு முன்னாடி டெஸ்ட் கிட் வாங்குங்க, இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

சரி, எதுல குணமாச்சுன்னு கேட்டா, பாட்டிலை மூடி வெச்சதுலதான் குணமாச்சு. தீனிய ரெண்டு நாள் நிறுத்தினேன் (பெரிய மீனுக்கு ரெண்டு நாள் பட்டினி ஒண்ணும் பண்ணாது), அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு மட்டும். தினமும் 20 சதவீதம் தண்ணி மாத்தினேன். ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓடுச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுத் தொட்டில ஆறேழு மாசமா ஓடிட்டு இருந்த ஸ்பாஞ்ச்ல பாதிய வெட்டி வாங்கிட்டு வந்து, காய விடாம, என் ஃபில்டருக்குள்ள வெச்சேன். இதுதான் பெரிய மருந்து. மீன் நோயில்லாத தொட்டில இருந்து வாங்கினா இதுக்கு ஈடா எதுவும் இல்ல. அஞ்சாவது நாள் தண்ணி தானா தெளிஞ்சுது, அதுக்கப்புறம் கலங்கவே இல்ல. இப்பல்லாம் ஸ்பாஞ்சை தொட்டித் தண்ணிய ஒரு பக்கெட்ல எடுத்து அதுலதான் ரெண்டு தடவை பிழியறேன், பைப்புகிட்ட கொண்டு போறதே இல்ல. அதுல இருக்கற பழுப்பு வழவழப்பு அழுக்கு இல்ல, தொட்டிக்கு உயிர் அதுலதான் இருக்கு. மணலும் ஃபில்டரும் ஒரே நாள்ல தொடவே கூடாது, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல மூணு நாலு வாரமாவது விடுங்க.

பச்சைத் தண்ணிக்கு வர்றேன். இது ஜன்னல் வெயில் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் தொட்டி மேல விழ ஆரம்பிச்சதும் வந்த வினை. தண்ணில மிதக்கற நுண்பாசி, ஒரு வாரத்துல கீரை அரைச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு. கிளாரிஃபையர் இதுல ஓரளவு வேலை செஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன், பாசி திப்பியாகி பஞ்சுல பச்சையா மாட்டுச்சு, அளவாத்தான் ஊத்தினேன், மீனுக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா வெயிலும், பாசிக்கு உரமாகற நைட்ரேட்டும் அப்படியே இருக்கறப்போ பத்து நாள்ல திரும்ப வந்துடுச்சு. கடைசில தொட்டிய கெட்டித் துணியால மூணு நாள் முழுசா மூடி வெச்சேன், லைட் கிடையாது, ஏர் பம்ப் மட்டும் ஓடும், திறந்ததும் பாதிக்கு கொஞ்சம் கம்மியா தண்ணி மாத்தினேன், ஏன்னா அவ்வளவு பாசியும் செத்து அழுகினா அது வேற அம்மோனியா ஏத்தும். அப்புறம் லைட்டுக்கு டைமர் போட்டு ஏழு மணி நேரம்தான். பச்சைத் தண்ணி அடிக்கடி வர்றவங்க கிளாரிஃபையருக்கு செலவு பண்றதை விட சின்ன யூவி லைட் ஒண்ணு வாங்கிடலாம், தண்ணி அது வழியா போறப்போ மிதக்கற பாசி செத்துடும், ஃபில்டர்ல ஒட்டியிருக்கற பாக்டீரியாவுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த லைட்டை மட்டும் வெறும் கண்ணால பாக்காதீங்க, கண்ணுக்கு நல்லதில்ல. பல்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், வெளிச்சம் தெரியும், வீரியம் போயிருக்கும்.

நாலாவது, மரக்கட்டை. புதுசா டிரிஃப்ட்வுட் வெச்சேன், தண்ணி பழுப்பாச்சு. ஊத்தினேன், ஒண்ணுமே நடக்கல, நடக்கவும் நடக்காது, ஏன்னா அது மிதக்கற பொருளே இல்ல, மரத்துல இருந்து இறங்கற டானின் தண்ணில கரைஞ்சு கிடக்கு, சேத்துப் பிடிக்க எதுவும் இல்ல. ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை ஃபில்டர்ல போட்டா எடுத்துடும், இல்லன்னா கட்டைய முன்னாடியே பக்கெட்ல ஊறப் போட்டு தண்ணி மாத்திக்கிட்டே இருக்கணும். மீனுக்கு அந்தக் கலரால கெடுதல் இல்ல, சில மீனுக்கு அது பிடிக்கவே செய்யும். நான் விட்டுட்டேன்.

இப்போ எனக்கு கலங்கல் வந்தா முதல்ல பாட்டிலைத் தொடறதில்ல, ஒரு கண்ணாடி டம்ளர்ல தொட்டித் தண்ணிய எடுத்து வெள்ளை பேப்பர் முன்னாடி வெச்சு பாப்பேன், அப்படியே ராத்திரி முழுக்க ஆடாம வெச்சுடுவேன். அஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சுடுச்சா, அது வெறும் நுண்குமிழி, புதுத் தண்ணி ஊத்தினதுல வந்திருக்கும் இல்ல ஃபில்டர் காத்து இழுக்குது. காலைல அடில மண்டி உக்காந்து மேல தெளிஞ்சிருந்தா தூசு, கிளாரிஃபையர் ஊத்தலாம். காலைலயும் அதே வெள்ளையா உக்காராம இருந்தா பாக்டீரியா, ஊத்தவே ஊத்தாதீங்க, அம்மோனியா பாருங்க, எங்கயாவது கல்லுக்குப் பின்னாடி செத்த மீன் இருக்கான்னு தேடுங்க. பச்சைன்னா பாசி. தெளிவா இருக்கு ஆனா பழுப்பா இருக்குன்னா டானின். பிஎச் ஏத்தற மருந்து போட்ட உடனே வெள்ளையாச்சுன்னா அது சுண்ணாம்பு பிரியறது, அந்த டம்ளர்ல மட்டும் (தொட்டில இல்ல) கொஞ்சம் வினிகர் விட்டா தெளிஞ்சுடும், அப்படி தெரிஞ்சுக்கலாம். இந்த டம்ளர் சோதனைய லேபிள் பின்பக்கம் நாலு வரில அச்சடிச்சா எத்தனை பேரோட மீன் பொழைக்கும், கம்பெனிக்காரங்களை உரிமையோட கேக்கறேன், தயவுசெஞ்சு போடுங்க. கூடவே "24 மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது தடவை ஊத்தாதீங்க, ஏர் பம்ப் ஓடணும், தொட்டி அளவை இல்ல தண்ணி அளவைக் கணக்கு பண்ணுங்க"ன்னு முன்பக்கமே பெரிய எழுத்துல.

பாட்டில் பத்தி மிச்ச விஷயம்: அளவு மூடில கோடு ரொம்ப மங்கல், 5 மில்லி எங்க 10 மில்லி எங்கன்னு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாத்தான் தெரியுது, நான் ஊசி போடாத சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி அதுலதான் அளக்கறேன். நேரா ஒரே இடத்துல ஊத்தாம ஒரு மக்குல தொட்டித் தண்ணி எடுத்து கலந்து, ஃபில்டர் தண்ணி விழற இடத்துல மெதுவா விடுங்க, நல்லா பரவும். வாசனை எதுவும் இல்ல, கைல பட்டா வழவழன்னு இருக்கும், கழுவிட்டா போயிடும். செடிங்க மேல திப்பி உக்காந்தா லேசா கையால அசைச்சு விடுங்க.

ஸ்டார் கேட்டீங்கன்னா தூசு கலங்கலுக்கு அஞ்சு, பச்சைத் தண்ணிக்கு ரெண்டு, பழுப்புக்கு பூஜ்யம், பால் மாதிரி வெள்ளைக் கலங்கலுக்கு ஸ்டார் போடற பேச்சே இல்ல, அதுக்கு இதை ஊத்தாதீங்க. இன்னும் முக்கால் பாட்டில் மிச்சம் இருக்கு. மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "மணல் மாத்தற அன்னிக்கு மட்டும், 6 மில்லி"ன்னு மார்க்கர்ல எழுதி, டெஸ்ட் கிட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன், டெஸ்ட் கிட்டை எடுக்காம இதை எடுக்க முடியாத மாதிரி.